நீல் யங்கை எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: ராக் பாடகர் நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தைக் கேட்டேன், பிடித்தது. மற்றதையும் கேட்டுவிடலாம் என்று முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக வந்தேன். எண்பதுகளைத் தொட்டதும் இது அதே ஆள்தானா என்று குழம்பி நிறுத்திவிட்டேன். நாற்பதுக்கும் மேல் ஆல்பங்கள் இருக்கின்றன. எதைக் கேட்பது, எதை விடுவது?

எண்பதுகளில் நின்றுபோனது நீங்கள் மட்டும் இல்லை. நானும் ஒருமுறை அங்கேதான் மூட்டை கட்டினேன். ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ‘ஹார்வெஸ்ட்’ வழியாக உள்ளே போனீர்கள், பிறகு ஆண்டு வரிசையில் நடந்தீர்கள். இரண்டுமே யங்குக்குப் பொருந்தாத வழி. எந்த ஆண்டு என்று பார்க்காமல், யாரோடு சேர்ந்து வாசித்தார் என்று பார்த்துப் போங்கள். பாதி குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆண்டு வரிசையின் கோளாறை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘டுநைட்ஸ் தி நைட்’ 1973-ல் பதிவானது, 1975-ல்தான் வெளியானது. அதற்குப் பிறகு பதிவான ‘ஆன் தி பீச்’ 1974-லேயே கடைக்கு வந்துவிட்டது. ‘ஹோம்க்ரோன்’ 1974-75-ல் பதிவாகி, அட்டைப்படம் வரை தயாராகி, நாற்பத்தைந்து வருடம் பெட்டியில் தூங்கி 2020-ல் வந்தது. ‘ஹிட்ச்ஹைக்கர்’ 1976 ஆகஸ்டில் மலிபு பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் ஒரே இரவில் பாடி முடித்தது, வெளிவந்தது 2017. ‘குரோம் ட்ரீம்ஸ்’ 1977-ல் வந்திருக்க வேண்டியது, 2023-ல் வந்தது. அதற்கு நடுவில், 2007-லேயே, ‘குரோம் ட்ரீம்ஸ் II’ வந்துவிட்டது. முதல் பாகம் வெளியாகாமலேயே இரண்டாம் பாகம்! இப்படிப்பட்டவரைக் காலண்டரை வைத்துப் பிடிக்க முடியாது.

‘ஹோம்க்ரோன்’ ஏன் உள்ளே போனது என்பதற்கு ஒரு கதை உண்டு. அதை யங் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதே டேப்பில் அடுத்ததாக ‘டுநைட்ஸ் தி நைட்’ இருந்தது, அதுவும் ஓடியது. ‘தி பேண்ட்’ குழுவின் ரிக் டாங்கோ இரண்டாவதைத்தான் வெளியிட வேண்டும் என்று சொல்ல, யங்கும் சரி என்றுவிட்டார். இனிமையான, சுலபமாக விற்றிருக்கக்கூடிய ஆல்பம் உள்ளே போனது. குரல் உடைந்த, சுருதி விலகிய ஆல்பம் வெளியே வந்தது. அவருடைய முடிவுகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எதுவும் உங்களைத் திடுக்கிட வைக்காது.

சரி, ‘ஹார்வெஸ்ட்’. அதில் என்ன தவறு? ஆல்பத்தில் ஒன்றும் தவறு இல்லை, நல்ல ஆல்பம். ஆனால் அது ஒரு விசேஷமான நேரத்தில் நடந்த விஷயம். 1971 தொடக்கத்தில் பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக யங் நாஷ்வில் போயிருந்தார். பாடகர்கள் லிண்டா ரான்ஸ்டட்டும் ஜேம்ஸ் டெய்லரும் அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்தார்கள். அவர்களையும் உள்ளூர் வாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஸ்டுடியோவில் பாடியதுதான் ஆல்பத்தின் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாட்டு. அந்தச் சமயத்தில் அவருக்கு முதுகுவலி. கனமான எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்க முடியாது. அக்கூஸ்டிக் கிதாரோடு உட்கார்ந்து பாடியதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1972-ல் மிக அதிகமாக விற்ற ஆல்பம் ‘ஹார்வெஸ்ட்’தான். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ முதலிடம் பிடித்தது. அவருக்கு அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஒரே பாட்டு அது.

பிறகு 1977-ல் வந்த ‘டெகேட்’ தொகுப்பின் குறிப்பில் யங் அந்தப் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அது தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் விட்டதாம். அங்கே போவது சலித்துப்போய், வண்டியைச் சாலையோரப் பள்ளத்துக்குள் திருப்பிவிட்டாராம். பயணம் கரடுமுரடுதான், ஆனால் அங்கே சுவாரசியமான ஆட்களைப் பார்த்ததாகவும் சொல்கிறார். அடுத்து வந்த மூன்று ஆல்பங்களை ரசிகர்கள் இன்றைக்கும் ‘டிச்’ (பள்ளம்) ஆல்பங்கள் என்றே அழைப்பது இதனால்தான். ‘ஹார்வெஸ்ட்’ கேட்டுவிட்டு அதே சுவையை அடுத்த ஆல்பத்தில் எதிர்பார்த்தவர்கள் 1973-லேயே ஏமாந்துபோனார்கள். நீங்கள் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

இனி கூட்டாளிகள். பொதுவாக மூன்று யங் உண்டு. க்ரேஸி ஹார்ஸ் குழுவோடு எலெக்ட்ரிக் கிதாரை அலறவிடுகிற யங். பென் கீத்தின் ஸ்டீல் கிதார் பின்னால் இழைய, கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி பாடுகிற யங். யாரும் இல்லாமல் தனியாக ஒரு கிதார் அல்லது பியானோவோடு மேடையில் இருக்கிற யங். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரோடு சேர்ந்த யங்கும் உண்டு; ஆனால் அது நாலு பேர் குடித்தனம். ‘டேஜா வூ’ (1970) ஒன்றைக் கேட்டுவிட்டு ‘ஒஹாயோ’ பாட்டையும் கேட்டால் போதும். 1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நேஷனல் கார்ட் படையினர் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே யங் எழுதி, நால்வரும் பாடிப் பதிவு செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் பதிவு செய்கிற பழக்கம் அவருக்கு அப்போதிருந்தே உண்டு.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்’ (1969). இது இரண்டாவது ஆல்பம். 1968-ல் வந்த முதல் ஆல்பத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்த்துச் செய்ததில் ஆள் அமுங்கிப்போயிருக்கிறார். இரண்டாவதில் என்ன நடந்தது என்றால், டேனி விட்டன், பில்லி டால்பாட், ரால்ஃப் மோலினா என்று மூன்று பேர் வந்தார்கள். இவர்கள்தான் க்ரேஸி ஹார்ஸ். யாரும் பெரிய வித்துவான்கள் கிடையாது. மோலினாவின் டிரம்ஸில் அலங்காரமே இருக்காது. டால்பாட்டின் பேஸ் நாலைந்து ஸ்வரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். அந்த ‘இவ்வளவுதான்’ மேல்தான் யங்கால் பத்து நிமிடம் விழாமல் நிற்க முடிகிறது. கைதேர்ந்த வாத்தியக்காரர்களோடு வாசிக்கும்போது அவர் அடக்கமாகிவிடுகிறார். இவர்களோடு வாசிக்கும்போது கட்டவிழ்ந்துவிடுகிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் அவர்களிடமே திரும்பத் திரும்பப் போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் முக்கியம்: ‘சினமன் கேர்ள்’, ‘டவுன் பை தி ரிவர்’, ‘கௌகேர்ள் இன் தி சாண்ட்’. மூன்றையும் காய்ச்சலில் படுத்திருந்த ஒரே நாளில் எழுதியதாக யங் சொல்லியிருக்கிறார். ‘சினமன் கேர்ள்’ மூன்று நிமிடம். அதில் வரும் கிதார் சோலோ பிரசித்தம், ஏனென்றால் அது கிட்டத்தட்ட ஒரே ஸ்வரம். கிதார் கற்றுக்கொள்ளும் பையன்கள் முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம், ஆனால் அந்த அழுத்தம் வராது. ‘டவுன் பை தி ரிவர்’ ஒன்பது நிமிடம். அதிலும் சோலோ ஒற்றை ஸ்வரத்தை வெட்டி வெட்டித்தான் ஆரம்பிக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு, யங்கின் கிதாரை விட்டுவிட்டு ஒருமுறை விட்டனின் கிதாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தாளத்துக்குக் கை கொடுக்கிற வேலைதான் என்று நினைப்போம். உண்மையில் அவர் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். யங் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டால் விட்டன் முடித்துவைக்கிறார். இந்த இரண்டு பேர் பேச்சு காதில் விழுந்துவிட்டால் உங்களுக்கு யங் திறந்துவிட்டார் என்று அர்த்தம். விழாவிட்டால் ஒரு மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள்.

அந்த ஒலிக்கு ஒரு வாத்தியமும் காரணம். 1953-ல் செய்த கிப்ஸன் லெஸ் பால் கிதார். தங்க நிறத்தில் பிறந்து யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டதால் ‘ஓல்ட் பிளாக்’ என்று பெயர். பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்ட் குழுவில் கூட இருந்த ஜிம் மெஸ்ஸினாவிடமிருந்து பண்டமாற்றாக வாங்கியது. அதையும் ஐம்பதுகளின் ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் அவர் இன்று வரை விடவில்லை. சின்ன ஆம்ப்தான், அதன் கழுத்தைத் திருகி எடுக்கிற சத்தம் அது. 1969-ல் கேட்கிற அந்தக் கரகரப்பை 2022-ல் வந்த ஆல்பத்திலும் கேட்கலாம்.

அடுத்தது ‘ஆஃப்டர் தி கோல்ட் ரஷ்’ (1970). இங்கே முதல் இரண்டு யங்கும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீடு என்பது நிஜமாகவே வீடு: பெரும்பாலும் டொபாங்கா கேன்யனில் இருந்த அவர் வீட்டு அடித்தளத்தில் பதிவானது. நில்ஸ் லோஃப்கிரென் என்ற பதினெட்டு, பத்தொன்பது வயது கிதார்காரப் பையனைக் கூப்பிட்டு, ‘நீ பியானோ வாசி’ என்று உட்கார வைத்தார். தெரிந்தவனிடம் தெரிந்ததைக் கேட்டால் பழகிய வாசிப்புதான் வரும் என்ற கணக்கு. ‘சதர்ன் மேன்’ பாட்டின் பியானோ அந்தப் பையனுடையது. (அவர்தான் பின்னால் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் குழுவுக்குப் போனவர், 2018-ல் க்ரேஸி ஹார்ஸுக்கே திரும்பி வந்தார்.) ‘ஹார்வெஸ்ட்’ பிடித்த உங்களுக்கு இது கண்டிப்பாகப் பிடிக்கும். ஒரே ஆல்பம்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு மேல் போவதற்கு முன் அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் யங்கை வெறுமனே பிடிக்கும் என்பவர்களும் விடமுடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் பிரிகிற இடம் அதுதான்.

1972 இலையுதிர்காலம். ‘ஹார்வெஸ்ட்’ விற்றுத் தள்ளுகிறது, பெரிய அரங்குகளில் சுற்றுப்பயணம் ஏற்பாடாகிறது. யங் விட்டனைத் தன் பண்ணைக்கு ஒத்திகைக்கு அழைக்கிறார். விட்டன் அப்போது ஹெராயினில் மூழ்கியிருந்தவர், வாசிக்க முடியவில்லை. கையில் ஐம்பது டாலரும் லாஸ் ஏஞ்சலிஸ் விமான டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 18. அன்றிரவே விட்டன் இறந்துபோனார், போதைதான் காரணம். அடுத்த கோடையில் குழுவின் வாத்தியங்களைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்த ப்ரூஸ் பெரியும் அதே வழியில் போனார்.

‘டைம் ஃபேட்ஸ் அவே’ (1973) விட்டன் இறந்த சில வாரங்களில் தொடங்கிய அந்தச் சுற்றுப்பயணத்தின் நேரடிப் பதிவு. நேரடிப் பதிவு என்றாலும் எல்லாம் புதுப் பாட்டுகள். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் கேள்விப்படாத பாட்டுகளைக் கத்திப் பாடியிருக்கிறார். தொண்டை போய்விட்டது, அவருக்கே அந்தப் பயணம் கசந்தது, அதனால் 2017 வரை அதை சிடியாக வெளியிடவே இல்லை. இதைக் கடைசியாகக் கேளுங்கள்.

‘ஆன் தி பீச்’ (1974) நேர் எதிர். சோர்வு முற்றிப்போய் ஒரு மாதிரி அமைதி வந்தவன் பேசுகிற பேச்சு. அட்டையைப் பாருங்கள்: கடற்கரை மணலில் புதைந்த காடிலாக்கின் வால், முதுகைக் காட்டி நிற்கும் யங், மேஜையடியில் நிக்சன் பதவி விலக வேண்டும் என்ற செய்தியோடு ஒரு நாளிதழ். ஆல்பம் வந்து ஒரு மாதத்துக்குள் நிக்சன் விலகினார். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ‘ரெவல்யூஷன் ப்ளூஸ்’ இருக்கிறது. கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சனை யங் நேரில் சந்தித்தவர். அந்த ஆளின் மண்டைக்குள் உட்கார்ந்து எழுதிய பாட்டு. டிரம்ஸில் லெவான் ஹெல்ம், பேஸில் ரிக் டாங்கோ, இருவரும் ‘தி பேண்ட்’ ஆட்கள். இரண்டாவது பக்கம் மூன்றே பாட்டுகள், எல்லாம் மெதுவாக நகரும். நான் இந்த ஆல்பத்தை இரண்டு முறை பாதியில் எடுத்துவிட்டிருக்கிறேன், ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று. மூன்றாவது முறை தூக்கம் வராத ஒரு ராத்திரியில் இரண்டாவது பக்கத்தை மட்டும் போட்டேன். ‘ஆம்புலன்ஸ் ப்ளூஸ்’ ஒன்பது நிமிடம் முடிந்தபோது மறுபடி தொடக்கத்துக்குப் போனேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: இரண்டாவது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

‘டுநைட்ஸ் தி நைட்’ இரண்டு சாவுகளுக்கும் வைத்த இழவு வீட்டு விழிப்பு. ஹாலிவுட்டில் வாத்தியங்களை வாடகைக்கு விடும் இடம் ஒன்றின் ஒத்திகை அறை. அது பெரியின் அண்ணன் நடத்திய தொழில். டால்பாட், மோலினா, லோஃப்கிரென், பென் கீத். டெக்கீலா குடித்துவிட்டு நள்ளிரவு தாண்டி வாசிக்க ஆரம்பிப்பார்கள். பிசிறு எதையும் திருத்தவில்லை. மைக்கில் மோதுகிற சத்தம் வரை அப்படியே இருக்கிறது. ‘மெல்லோ மை மைண்ட்’ பாட்டில் உச்சஸ்தாயிக்குப் போகும்போது குரல் கிழிகிறது. வேறு எந்தப் பாடகரும் அந்த டேக்கைக் குப்பையில் போட்டிருப்பார். தலைப்புப் பாட்டு ஆல்பத்தின் முதலிலும் வருகிறது, கடைசியிலும் வருகிறது. நடுவில் திடீரென்று ஒரு துள்ளலான பாட்டு, வேறு ஒருவர் குரலில். அது 1970 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில் பதிவானது. பாடுவது விட்டன். போதைப்பொருள் வாங்கப் போவதைப் பற்றிக் குஷியாகப் பாடுகிறார். இழவு வீட்டில் இறந்தவரே வந்து பாடிவிட்டுப் போகிறார்.

குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ‘அந்த மூக்குக் குரலைச் சகிக்க முடியவில்லை’ என்பவர்களை நான் குறை சொல்வதில்லை. உயரமான, நடுங்குகிற குரல், பழகவேண்டும். ஆனால் ‘ஹார்வெஸ்ட்’ பிடித்தவருக்கு அந்தத் தடை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது.

பள்ளத்திலிருந்து ஏறி வருவது ‘ஸூமா’ (1975). விட்டன் இடத்துக்கு ஃப்ராங்க் சம்பெட்ரோ என்ற புது கிதார்காரர். விட்டனைப் போல் பதில் பேச அவருக்கு வராது; பாறை மாதிரி அசையாமல் நின்று கொடுப்பார். அதனால் யங் பேச்சை விட்டுவிட்டு நீந்த ஆரம்பித்தார். ‘கோர்டெஸ் தி கில்லர்’ போடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் கிதார் மட்டுமே, பிறகுதான் குரல். மூன்றே கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) சுற்றிச் சுற்றி வரும்.

எழுபதுகளை ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ (1979) முடித்துவைக்கிறது. உங்கள் கேள்விக்கு ஒரே ஆல்பத்தில் பதில் வேண்டுமென்றால் இதைக் கொடுக்கலாம், ஏனென்றால் முதல் பக்கம் அக்கூஸ்டிக், இரண்டாவது பக்கம் க்ரேஸி ஹார்ஸ். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஏறக்குறைய ஒன்றே, ஒன்று முணுமுணுப்பு, மற்றது இடி. பெரும்பகுதி மேடையில் பதிவு செய்து கூட்டத்தின் சத்தத்தை அழித்துவிட்டார்கள். 1994-ல் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் தற்கொலைக் கடிதத்தில் அந்தத் தொடக்கப் பாட்டின் ஒரு வரி இருந்தது. யங் நிலைகுலைந்துபோனார், அந்த ஆண்டு வந்த ‘ஸ்லீப்ஸ் வித் ஏஞ்சல்ஸ்’ ஆல்பத்தில் அதன் நிழல் இருக்கிறது.

இப்போது நீங்கள் நின்ற இடம். எண்பதுகளை மொத்தமாகத் தாண்டிக் குதியுங்கள், பிறகு திரும்பி வரலாம். குதித்து விழ வேண்டிய இடம் ‘ஃப்ரீடம்’ (1989), அதற்கு அடுத்து ‘ராகெட் க்ளோரி’ (1990). ‘ராகெட் க்ளோரி’ அவர் பண்ணைக் கொட்டகையில் க்ரேஸி ஹார்ஸோடு பதிவானது. நாளுக்கு இரண்டு தடவை மொத்தப் பாட்டுகளையும் வாசிப்பது, எதையும் திரும்பப் போட்டுக் கேட்பதில்லை, கடைசியில் நல்லதைப் பொறுக்குவது. நாற்பத்து நாலு வயதில் இருபது வயதுக்காரர்கள் எல்லோரையும்விட இரைச்சலாக ஓர் ஆல்பம் போட்டார். அடுத்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் மேடையேறி வாசித்தது சோனிக் யூத் என்ற ராக் குழு. அந்தப் பயணத்தின் பதிவு ‘வெல்ட்’ (1991). அதோடு ‘ஆர்க்’ என்று 35 நிமிடம் வெறும் ஃபீட்பேக் ஒலியை (ஆம்ப் முன்னால் கிதார் போடுகிற ஊளை) ஒட்டிச் சேர்த்த ஒன்றும் வந்தது. முழுதாகக் கேட்டேன், ஒருமுறை. போதும்.

அந்தப் பயணத்தின் சத்தத்தில் காது கெட்டுப்போய், மெதுவான ஓசைதான் இனி தாங்கும் என்ற நிலையில் வந்தது ‘ஹார்வெஸ்ட் மூன்’ (1992). இருபது வருடம் கழித்து ‘ஹார்வெஸ்ட்’ ஆட்களே திரும்பி வந்தார்கள், ரான்ஸ்டட்டும் டெய்லரும் உட்பட. தலைப்புப் பாட்டில் ‘ஸ்ஸ்... ஸ்ஸ்...’ என்று தாளத்தோடு ஒரு சத்தம் வருகிறதே, அது துடைப்பத்தால் தரையைப் பெருக்குகிற சத்தம். உங்களுக்குத் தேவை இந்த யங் மட்டும்தான் என்றால் வழி சுருக்கம்: ‘கம்ஸ் எ டைம்’ (1978), ‘ஹார்வெஸ்ட் மூன்’, ‘சில்வர் அண்ட் கோல்ட்’ (2000), ‘பிரெய்ரி விண்ட்’ (2005). நாலிலும் பென் கீத் இருக்கிறார். கடைசியில் சொன்னது மூளையில் ரத்தக்குழாய் வீக்கம் என்று தெரியவந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நாட்களில் தொடங்கிய பதிவு. கீத் 2010-ல் இறந்த பிறகு அந்த யங் பழையபடி திரும்பவில்லை என்பது என் காது சொல்வது.

எண்பதுகளுக்குத் திரும்புவோம். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால் குழப்பம் வராது, பிடிக்கிறதோ இல்லையோ. 1978-ல் பிறந்த மகனுக்குப் பெருமூளை வாதம், பேச வராது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாளின் பெரும்பகுதியை விழுங்குகிற சிகிச்சைப் பயிற்சியைப் பெற்றோரே வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘ஹாக்ஸ் அண்ட் டவ்ஸ்’, ‘ரியாக்டர்’ இரண்டும் கிடைத்த இடைவெளியில் செய்தவை, அப்படித்தான் ஒலிக்கவும் செய்கின்றன. பிறகு ‘ட்ரான்ஸ்’. குரலை வோகோடர் என்ற கருவிக்குள் விட்டு எந்திரமாக மாற்றிப் பாடியிருக்கிறார். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பேச முயன்று பேச முடியாத பிள்ளையோடு பேசுவதைப் பற்றிய ஆல்பம் அது என்று அவர் பின்னால் சொன்னார். வார்த்தை புரியவில்லையே என்று கேட்பவருக்கு வருகிற எரிச்சல்தான் அந்த ஆல்பத்தின் விஷயமே. அந்தப் பத்தாண்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இது ஒன்றுதான்.

அவர் புதிதாகச் சேர்ந்திருந்த இசைத்தட்டு நிறுவனமான கெஃபன் லேபிள் இதைப் பார்த்து மிரண்டது. ராக் அண்ட் ரோல் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார்: ஐம்பதுகளின் பாணியில், தலைமுடியை எண்ணெய் வைத்து வாரி, இருபத்தைந்து நிமிடத்தில் ‘எவ்ரிபடீஸ் ராக்கின்’ (1983). லேபிள் வழக்குப் போட்டது, 33 லட்சம் டாலர் கேட்டு. குற்றச்சாட்டு என்ன என்றால், அவர் தன்னுடைய இயல்புக்குப் பொருந்தாத இசையைக் கொடுக்கிறார் என்பது. நீல் யங் நீல் யங் மாதிரி இல்லை என்று நீல் யங் மேல் வழக்கு! பிறகு சமாதானமாகி, லேபிளின் முதலாளி டேவிட் கெஃபன் மன்னிப்புக் கேட்டார். வழக்கு நன்றாக இருக்கிறது, ஆல்பம் அவ்வளவு இல்லை. மீதி எண்பதுகளில் கன்ட்ரி இசை ஒன்று, சிந்தசைசர் ஒன்று, ஊதுகருவிகளோடு ப்ளூஸ் ஒன்று. ஆர்வம் இருந்தால் பாருங்கள், விட்டால் நஷ்டமில்லை.

2000-க்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன, பாதிக்கு மேல் செய்தித்தாள் படித்துவிட்டு அன்று மாலையே பாடியது போலிருக்கும். ‘லிவிங் வித் வார்’ (2006) இராக் போர். ‘ஃபோர்க் இன் தி ரோட்’ (2009) அவருடைய 1959 லிங்கன் காரை மின்சாரத்தில் ஓட வைத்தது. ‘தி மான்சான்டோ இயர்ஸ்’ (2015) விதை நிறுவனம். கோபம் நியாயமாக இருக்கலாம். பாட்டு பாட்டாக நிற்கவில்லை. இந்தக் குவியலில் இரண்டைத் தனியே எடுத்து வையுங்கள். ‘லெ நாய்ஸ்’ (2010): தயாரிப்பாளர் டேனியல் லான்வா, யங், கிதார், வேறு யாரும் இல்லை; ஆனால் எலெக்ட்ரிக் கிதார் ஒரு குழுவின் இரைச்சலோடு வருகிறது. ‘சைகடெலிக் பில்’ (2012): க்ரேஸி ஹார்ஸ், முதல் பாட்டே இருபத்தேழு நிமிடம். ‘டவுன் பை தி ரிவர்’ பிடித்தவர்களுக்கு மட்டும்.

மேடைப் பதிவுகளை மறந்துவிடாதீர்கள், மூன்றாவது யங் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார். ‘லைவ் அட் மாஸி ஹால் 1971’ அவர் பிறந்த ஊரான டொரண்டோவில், 1971 ஜனவரியில் தனியாளாகப் பாடியது. வெளியானது 2007. ‘ஹார்வெஸ்ட்’ வருவதற்கு ஒரு வருடம் முன்பே அதன் பாட்டுகள் இதில் இருக்கின்றன. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பியானோவில், இன்னொரு பாட்டின் வாலாக வந்துபோகிறது. அது என்ன பாட்டு என்று கூட்டத்துக்கே தெரியாது. ‘ஹார்வெஸ்ட்’டுக்குப் பதிலாக இதையே வெளியிடலாம் என்று தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் அப்போதே சொல்லியிருக்கிறார், யங் கேட்கவில்லை. ‘லைவ் அட் தி ஃபில்மோர் ஈஸ்ட்’ 1970-ல் பதிவானது, வந்தது 2006-ல். விட்டனோடு மேடையில் என்ன நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பழைய பதிவுகளைத் தொகுத்த ‘ஆர்கைவ்ஸ்’ பெட்டிகள் மூன்று வந்துவிட்டன: 2009, 2020, 2024. இப்போது வாங்கிவிடாதீர்கள். வழி தெரிந்த பிறகு போக வேண்டிய காடு அது.

இதெல்லாம் முடிந்த பிறகு, ஆறு மாதமோ ஒரு வருடமோ, ‘ஹார்வெஸ்ட்’டைத் திரும்ப எடுங்கள். கடைசிக்கு முந்தைய பாட்டு ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’. இரண்டே நிமிடம், ஒரே கிதார், ஹெராயினைப் பற்றி. முதல் முறை கேட்டபோது அது அழகான சின்னப் பாட்டாகக் கடந்து போயிருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் 1971 ஜனவரியில் மேடையில் பாடியது. பாட்டில் வருகிறவர்களில் ஒருவர் விட்டன். அவர் அப்போது உயிரோடு இருந்தார், ஆல்பம் வெளியானபோதும் இருந்தார். பாட்டு முடிந்ததும் கூட்டம் கை தட்டும். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் டேப்பை வெட்டி, நேராக அடுத்த பாட்டின் எலெக்ட்ரிக் கிதாருக்குள் போய்விடுகிறார்.